சாட்சி சொல்லும் ஊர்: 'த்ரிஷ்யம்', 'பாபநாசம்', ஏலமலைத் தமிழர்

தமிழில் மர்மக்கதை பெரும்பாலும் நகரத்தின் சொத்தாகவே இருந்து வந்துள்ளது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் வளர்த்தெடுத்த துப்பறியும் நாவல் மரபிலும், பின்வந்த தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளிலும் சென்னை பெற்ற இடம் பெரிது. திரைப்படமும் இவ்வழியையே பின்பற்றியது. 'அந்த நாள்' (1954) முதல் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013), 'மாநகரம்' (2017) வரை, கொலையும் தேடலும் நிகழ்வதற்கு உரிய களமாகச் சென்னையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. கிராமத்தைத் திரைக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படும் பாரதிராஜாவும் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) படத்திற்கு நகரத்தையே நாடினார். பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) சென்னையை விட்டு விலகினாலும் பெங்களூரைச் சென்றடைந்ததேயன்றிச் சிற்றூருக்குச் செல்லவில்லை.

இவ்வழக்கத்திற்கு மாறாக, ஒரு சிற்றூரின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 2015 ஜூலை 3 அன்று வெளிவந்த மர்மப்படம் 'பாபநாசம்'. மலையாளத்தில் ஜீத்து ஜோசப் எழுதி இயக்கி 2013 டிசம்பரில் வெளியான 'த்ரிஷ்யம்' படத்தின் தமிழ் வடிவம் இது. மூலப்படத்தின் கதை இடுக்கி மாவட்டத்து ராஜாக்காட்டில் நிகழ்கிறது. தமிழ் வடிவத்தில் அது திருநெல்வேலிச் சீமைக்கு இறங்கிவிடுகிறது. இவ்விடமாற்றம் இயல்பானது என்றே பலரும் கொண்டனர். ஆனால் ராஜாக்காடு அமைந்துள்ள அதே உடும்பன்சோலை வட்டத்தில்தான் வண்டன்மேடு உள்ளது. ஏலத்தோட்டங்களை நம்பித் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்து வரும் ஊர் அது. தமிழாக்குவதற்குத் தமிழ்நாட்டிற்கு வந்தாக வேண்டிய கட்டாயம் அக்கதைக்கு இருந்ததா என்னும் வினாவை முன்வைத்து, மர்மப்படத்தில் ஊர் என்னும் கூறு எவ்வாறு செயற்படுகிறது என்பதையும், எவருடைய ஊர் அவ்வாறு செயற்பட அனுமதிக்கப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மாநகரத்தின் ஐந்து வாய்கள்

ஒப்பீட்டிற்கு 'அந்த நாள்' மிகவும் பொருத்தமானது. எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்த இப்படம், பாடலும் நடனமும் இல்லாத முதல் தமிழ்ப் படம் என்ற சிறப்பினால் பெரிதும் பேசப்படுகிறது. அச்சிறப்பினும் இங்கு நோக்கத்தக்கது, அது ஒரு நாளைப் பற்றிக்கொண்டிருக்கும் முறையாகும். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு வீசிய உண்மை நிகழ்ச்சியைச் சார்ந்து, அந்நாளையொட்டிய ஒரு காலைப்பொழுதில் இராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் தம் வீட்டில் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். அண்டைவீட்டார், தம்பி, தம்பியின் மனைவி, ஆசைநாயகி, மனைவி என ஐவர் விசாரிக்கப்படுகின்றனர். ஒருவர் கூறியது மற்றவர் கூறியதோடு பொருந்துவதில்லை. அகிரா குரோசாவாவின் 'ராஷோமான்' (1950) பாலசந்தருக்குத் தூண்டுதலாக இருந்தது என்பது அறிந்த செய்தியே.

குரோசாவாவின் கதையில் சாட்சிகள் முரண்படுவதற்குக் காரணம் மனித மனத்தின் தன்னலம். பாலசந்தரின் படத்தில் இதனோடு நகரமும் ஒரு காரணமாகிறது. ஒரே வீட்டில் வாழ்பவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அடுத்த வீட்டுக்காரருக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, அதற்கு மேல் அவருக்குத் தெரிந்தது குறைவு. கணவன் அயல்நாட்டு ஒற்றன் என்பதை மனைவியே பிந்தித்தான் அறிகிறாள். மாநகரம் என்பது தெரியாமை குடியிருக்கும் இடம். ஆகவே அங்கு ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு கதை சொல்கிறது. அக்கதைகளிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பதே துப்பறிவோனின் வேலையாகிறது.

பின்வந்த சென்னைப் படங்கள் பலவும் இந்தத் தெரியாமையின் மீதே எழுந்தன. 'மாநகரம்' படத்தில் பெயர் அறியாதவர்கள் ஒருவர் பாதையில் ஒருவர் குறுக்கிடுவதாலேயே கதை நகர்கிறது. மர்மப்படத்தின் அடிப்படை விதியே இதுதான் என்று தோன்றும் அளவிற்கு இது நிலைபெற்றுவிட்டது.

ராஜாக்காட்டின் ஒரே வாய்

'த்ரிஷ்யம்' இவ்விதியைத் தலைகீழாக்குகிறது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்ட ஜார்ஜுகுட்டி (மோகன்லால்) தன் உழைப்பால் நிலமும் கேபிள் தொலைக்காட்சித் தொழிலும் சேர்த்தவன். அவனுடைய மகளை மறைவாகப் படம்பிடித்து மிரட்டிய இளைஞன், அவன் இல்லாத இரவில் அவ்வீட்டிலேயே இறந்துபோகிறான். இறந்தவன் காவல்துறை உயர் அதிகாரி ஒருவரின் மகன். குடும்பத்தைக் காக்க ஜார்ஜுகுட்டி செய்யும் செயலே படத்தின் உயிர்நிலை. மகன் காணாமற்போன நாளில் தாங்கள் ஊரிலேயே இல்லை என்று காட்ட வேண்டும். அதற்காக அவன் பொய்ச்சாட்சி எவரையும் விலைக்கு வாங்குவதில்லை. குடும்பத்தோடு தொடுபுழைக்குச் சென்று, சமயத் தியானக் கூட்டம், உணவகம், விடுதி, திரையரங்கு என்று உண்மையிலேயே சுற்றி வருகிறான். பின்னர் அதே மனிதர்களைத் தேடிச் சென்று, பேச்சோடு பேச்சாக, அந்தப் பயணம் ஆகஸ்டு 2, 3 ஆகிய நாட்களில் நிகழ்ந்ததென்று அவர்களுடைய நினைவில் பதித்துவிடுகிறான். நிகழ்ச்சி உண்மை, நாள் மட்டும் பொய்.

விசாரணையின்போது நடத்துநர், விடுதிக்காரர், திரையரங்கில் படம் ஓட்டுபவர் என அனைவரும் ஒன்றுபோலச் சொல்கின்றனர். 'அந்த நாள்' படத்தில் சாட்சிகள் முரண்படுவதால் உண்மை மறைகிறது. இங்கு அவை ஒத்துப்போவதால் மறைகிறது. காவல்துறைத் தலைவர் கீதா பிரபாகர் இதனை ஒரு கட்டத்தில் உய்த்துணர்ந்துவிடுகிறார். சாட்சிகளைக் குலைக்க அவருக்கு வழியில்லை, ஏனெனில் அவர்கள் பொய் சொல்லவில்லை.

இத்தகைய கதை மாநகரத்தில் நிகழ இயலாது. பேருந்தில் ஏறியவரை நடத்துநர் நினைவில் வைத்திருக்கும் இடத்தில்தான், ஒருவன் இரண்டாம் முறை வந்து பேச்சுக் கொடுத்தால் உரையாடல் நிகழும் இடத்தில்தான் இது நிகழும். சிற்றூரின் நட்புணர்வு, பிறர் செய்தியை நினைவிற்கொள்ளும் பழக்கம், வம்பு பேசும் இயல்பு ஆகிய அனைத்தும் இங்கே கருவிகளாகின்றன. கேபிள் தொழில் செய்பவன் என்பதும் வெறும் விவரமன்று. இரவெல்லாம் தன் அலுவலகத்தில் அமர்ந்து படம் பார்த்தே அவன் சட்டத்தையும் விசாரணை முறையையும் கற்றுக்கொள்கிறான்.

உண்மையைக் கண்ணால் கண்ட சாட்சி ஒருவனும் உண்டு. இறந்தவனின் மஞ்சள் நிறக் காரை ஜார்ஜுகுட்டி ஓட்டிச் செல்வதைக் கண்ட காவலன் சகதேவன் (கலாபவன் ஷாஜோன்) அவன். ஆனால் அவன் கையூட்டு வாங்குபவன், ஜார்ஜுகுட்டியோடு பகை கொண்டவன் என்பது ஊருக்கே தெரியும். ஊர் அவனை நம்புவதில்லை. ஒருவன் கண்டது சாட்சியமாவதும் ஆகாததும் அவன் கண்டதைப் பொறுத்ததன்று, ஊரில் அவனுக்குள்ள இடத்தைப் பொறுத்தது என்பதைப் படம் இவ்வாறு நுட்பமாகக் காட்டிவிடுகிறது. இக்கருத்து பின்னர்த் தேவைப்படும்.

2021 பிப்ரவரியில் இணையவழி வெளியான இரண்டாம் பாகத்தில் ஊர் மாறிவிட்டிருக்கிறது. ஜார்ஜுகுட்டி திரையரங்கு உரிமையாளனாகியுள்ளான். முன்பு அவனுக்காகப் பரிந்து பேசிய ஊரே இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் கொலைகாரக் குடும்பம் என்று முணுமுணுக்கிறது. ஆறாண்டுச் சிறைக்குப் பின் வெளிவரும் ஒருவன், தான் கண்டதைக் காவல்துறையிடம் பணத்திற்கு விற்கிறான். ஒன்றுபட்ட சாட்சியம் வதந்தியாகச் சிதைந்துபோன நிலை அது.

ஆட்சி, ஆவணம், காட்சி

'த்ரிஷ்யம்' என்னும் சொல்லுக்குக் காட்சி என்பது பொருள். தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு இச்சொல் பெரியபுராணத்தை நினைவூட்டாமலிராது. தடுத்தாட்கொண்ட புராணத்தில், சுந்தரர் தமக்கு அடிமை என்று வழக்குரைத்து வரும் முதியவரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையோர் சான்று கேட்கின்றனர். வழக்கை நிறுவுவதற்குரிய சான்றுகளாகச் சேக்கிழார் அவ்விடத்தில் மூன்றனைக் குறிக்கிறார்: நெடுநாள் அனுபவமாகிய ஆட்சி, எழுத்தாகிய ஆவணம், அயலார் கண்ணால் கண்ட காட்சி. முதியவர் ஆவணத்தைத் தேர்கிறார். படியோலை கிழிக்கப்பட்டபோதும் மூலவோலை அவரிடம் இருக்கிறது. ஜார்ஜுகுட்டி பயணச்சீட்டும் விடுதிச் சீட்டும் கொண்டு ஆவணத்தையும், நடத்துநரையும் படம் ஓட்டுபவரையும் கொண்டு அயலார் காட்சியையும் அமைக்கிறான். அவன் அமைக்கத் தேவையில்லாதது ஆட்சி ஒன்றே. ஊரில் அவன் இருப்பை எவரும் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் உயர்மலை நாட்டின் வரலாற்றில் மிகுந்த சிக்கலுக்குரியது அந்த ஆட்சிதான். ஏலமலைக் காடுகள் திருவிதாங்கூர் அரசின் கீழிருந்தவை. ஏலக்காய் நெடுங்காலம் அரசின் தனியுரிமைப் பொருள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் ஏறிச் சென்ற தமிழர் ஏலத்தோட்டங்களை உருவாக்கினர்; தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளரே மிகுதி. இரண்டாம் உலகப்போர்க் காலத்து உணவுப் பஞ்சத்தின்போது, உணவுப்பயிர் விளைவிக்க மலைநிலங்கள் குத்தகைக்குத் திறந்துவிடப்பட்டன. பாலா, தொடுபுழை, மூவாற்றுப்புழை முதலிய பகுதிகளிலிருந்து மலையாள உழவர் பெருமளவில் குடியேறினர். இவர்களுள் சிரியன் கிறித்தவர் குறிப்பிடத்தக்கோர். ஜார்ஜுகுட்டி என்னும் பெயர் இக்குடியேற்ற வரலாற்றின் வழியே ராஜாக்காட்டை வந்தடைந்த பெயராகும்.

குடியேறிய உழவரின் வாழ்வும் எளிதாக இருந்ததில்லை என்பதை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். இடுக்கி நீர்மின் திட்டத்திற்காக 1961இல் அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டோர் குமுளியை அடுத்த அமராவதியில் கொட்டப்பட்டபோது ஏ. கே. கோபாலன் அங்கு உண்ணாநோன்பு இருந்தார். உழுதவர்க்கு நிலத்தின் மேல் ஆட்சி இருந்தது, பட்டயம் என்னும் ஆவணம் இல்லை. பல்லாண்டுப் போராட்டத்தின் பின், 1977 ஜனவரி 1க்கு முற்பட்ட குடியேற்றங்களை ஏற்பதென்ற நிலைக்கு அரசு வந்தது. ஆட்சி ஆவணமாக மாறிய வரலாறு இது. ஒன்றுமில்லாமல் தொடங்கி நிலம் சேர்த்த ஒருவன், குடும்பத்தையும் வீட்டையும் எவ்விலை கொடுத்தும் காக்க முனைவதை இவ்வரலாற்றின் பின்னணியில் பார்க்கும்போது படத்தின் அழுத்தம் கூடுகிறது.

அதே நிலத்தில் தமிழர்க்கு நேர்ந்தது வேறு. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் இணைக்க வேண்டுமெனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. 1954 ஆகஸ்டு 11 அன்று தெற்கே மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் மலைப்பகுதியில் அரசின் குடியேற்றத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நெடுங்கண்டத்தை அடுத்த பட்டம் காலனி, அன்றைய முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளையின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. இணைப்புக் கோரிக்கைக்கு எதிராக முன்வைக்கப்பட்ட வாதங்களுள் தலையாயது, மலையிலுள்ள தமிழரில் பெரும்பாலோர் வேலைக்கு வந்து திரும்பிப் போகும் கூலிகளேயன்றி ஊர்வாசிகள் அல்லர் என்பதாகும். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டுடன் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.

இங்கு எல்லைத் தீர்ப்பின் சரி தவறு பேசப்படவில்லை. அவ்வாதத்தின் உள்ளமைப்பே கருதத்தக்கது. ஒரு மக்கட்கூட்டத்தின் ஆட்சி ஏற்கப்படவில்லை. ஆவணம் அவர்களிடம் இல்லை. தோட்டத்து வருகைப் பதிவேட்டில் நாட்கூலியாக மட்டுமே அவர்கள் பெயர் இருந்தது. எஞ்சியது அயலார் காட்சி. ஆனால் வந்து போகிறவன் அயலான் ஆவதில்லை. சாட்சி சொல்ல ஒருவன் முதலில் ஊர்க்காரனாக வேண்டும்.

மலையிறங்கிய கதை

'த்ரிஷ்யம்' ராஜாக்காட்டுக் கதையாயினும் படப்பிடிப்பு பெரிதும் தொடுபுழைச் சுற்றுவட்டாரத்திலேயே நிகழ்ந்தது. உயர்மலையின் கதை அடிவாரத்தில் எடுக்கப்பட்டது. இதனால் ஏலத்தோட்டமும், காலையில் அதற்குள் நுழையும் தொழிலாளர் கூட்டமும் திரையின் ஓரத்திற்குக்கூட வரவில்லை. வணிகப்படம் ஒன்றின் வசதி சார்ந்த முடிவு என்று இதனை விட்டுவிடலாம். ஆனால் விளைவு விளைவுதான்.

தமிழில் ஜார்ஜுகுட்டி சுயம்புலிங்கமாகிறான். கமல்ஹாசன் நடிக்க, ஜீத்து ஜோசப்பே இயக்க, உரையாடலை ஜெயமோகன் எழுதினார். 1956இல் எல்லை மாறிய குமரி மண்ணின் எழுத்தாளர், எல்லை மாறாத இடுக்கி மண்ணின் கதையை நெல்லைத் தமிழில் பேசவைத்தார் என்பது வரலாற்றின் ஒரு தற்செயல். அவ்வுரையாடலின் சிறப்பு மறுக்க இயலாதது. நெல்லை வழக்கு நகைச்சுவைப் பாத்திரங்களுக்கு உரியதாகவே திரையில் பயன்பட்டு வந்த நிலையில், அது ஒரு தந்தையின் அச்சத்தையும் தந்திரத்தையும் தாங்கும் மொழியாக நிமிர்ந்தது. தொடுபுழைத் தியானக் கூட்டம் தென்காசிச் சொற்பொழிவாக மாறியது. பாபநாசம் என்னும் தலமும் சும்மா வரவில்லை. பாவத்தை நீக்கும் தீர்த்தம் என்று பெயரிலேயே பொருள் கொண்ட ஊர் அது. மகனை இழந்த பெற்றோரிடம் சுயம்புலிங்கம் மறைமுகமாகத் தன் நிலையை உணர்த்தும் இறுதிப்பகுதி இதனால் மூலத்தில் இல்லாத கழுவாய்ப் பொருளைப் பெறுகிறது. மூலப்படத்தின் இறுக்கம் இவ்விடத்தில் சற்றுத் தளர்ந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். குற்றம் கழுவப்படாமலே மண்ணுக்கடியில் கிடப்பதுதான் ராஜாக்காட்டின் வலிமை. அதுவும் காவல் நிலையத்தின் மண்ணுக்கடியில்.

முதற்பொருள் மாறினால் கருப்பொருளும் மாறும் என்பது திணைக்கோட்பாடு அறிந்தோர்க்குப் புதிதன்று. குடியேறி வந்தவனின் ஊர், வேரூன்றியவனின் ஊராக மாறியது. சுயம்புலிங்கம் என்ற பெயரும் அவனைச் சூழ்ந்த உறவுமுறைகளும் அவனை நெடுங்கால மண்ணின் மைந்தனாக நிறுத்துகின்றன. ஆட்சியைப் பற்றிய ஐயத்திற்கே இங்கு இடமில்லை. ஆயினும் பாபநாசத்திற்கு மேலேயும் ஒரு மலை உண்டு. அங்கே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் உண்டு. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் அத்தோட்டத் தொழிலாளர்க்காக நிகழ்ந்த ஊர்வலம், காவல்துறை தாக்குதலுக்குப் பின் தாமிரபரணியில் 17 உயிர்களைப் பறிகொடுத்தது. படத்தின் தாமிரபரணி அந்த ஆற்றை நினைவிற்கொள்வதில்லை. ஒரு மலையிலிருந்து இறங்கிய கதை, மற்றொரு மலையின் அடிவாரத்தில் வந்து நின்றும் மேலே ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இது ஒரு படத்தோடு நின்றதாகவும் தெரியவில்லை. இடுக்கியைக் களமாகக் கொண்டு 2016இல் வெளியான 'மகேஷிண்டே பிரதிகாரம்', பிரியதர்ஷன் இயக்கத்தில் 'நிமிர்' (2018) என்று தமிழானபோதும் படக்குழு தென்காசிப் பக்கமே சென்றது. அது மர்மப்படம் அன்று. ஆயினும் இடுக்கி தமிழாகும்போது தென்காசியாகும் என்ற பழக்கத்திற்கு இரண்டாம் சான்று. குற்றாலச் சாரலும் பசுமையும் கேரளத்தை ஒத்திருப்பதால் ஒளிப்பதிவுக்கு ஏற்றது என்ற விளக்கம் போதுமானதன்று. கேரளத்தை ஒத்த தமிழ் நிலத்தைத் தேடிச் சென்றவர்களுக்குக் கேரளத்திற்குள்ளேயே இருக்கும் தமிழ் நிலம் தோன்றவில்லை.

'த்ரிஷ்யம்' கதை இந்தியில் கோவாவிற்கும், சிங்களத்தில் 'தர்மயுத்தய' (2017) என இலங்கைக்கும் சென்றது. இவற்றுள் மிக வியப்பூட்டுவது 2019 டிசம்பரில் வெளிவந்த சீன வடிவம். மலேசியாவில் பிறந்த சாம் குவா இயக்கிய அப்படம், கதையைச் சீனாவில் நிகழ்த்தாமல் தாய்லாந்தின் ஒரு சிற்றூரில் வாழும் சீனக் குடும்பத்திற்கு நிகழ்த்துகிறது. சொந்த நாட்டுக் காவல்துறையைத் தீயதாகக் காட்டுவதில் உள்ள தடைகளே இதற்குக் காரணம் என்று கருத இடமுண்டு. எக்காரணத்தாலாயினும், மொழிச் சிறுபான்மைக் குடும்பம் ஒன்று வேற்றுமொழி ஊரின் நன்மதிப்பை மட்டுமே அரணாகக் கொண்டு, வேற்றுமொழி அதிகாரத்தை எதிர்கொள்வதாகக் கதை கூர்மை பெற்றது. தமிழில் எளிதாகக் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பு அது. சீனர் தாய்லாந்து வரை சென்று தேடியது, தமிழர்க்குக் கம்பம்மெட்டுச் சாலையின் மேல்முனையில் இருந்தது.

வண்டன்மேடு

கம்பத்திலிருந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறும் அச்சாலை எல்லையைக் கடந்து கம்பம்மெட்டு வழியாக ஏலமலைக்குள் செல்கிறது. வண்டன்மேட்டின் புற்றடியில் நறுமணப்பொருள் வாரியத்தின் ஏல மையம் உள்ளது. எல்லைக்கு இப்பால் போடிநாயக்கனூரிலும் ஏலம் நடைபெறுகிறது. ஒரே மலையின் காய்க்கு இரு மாநிலங்களில் விலை கூறப்படுகிறது. கம்பம், கூடலூர், போடி முதலிய ஊர்களிலிருந்து பெண்கள் விடியலில் ஜீப்புகளில் ஏறித் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். மலையிலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வேறு. 1950களில் இவ்விரு பிரிவினரையும் ஒன்றாக்கித்தான் வந்து போகிறவர்கள் என்ற சொல் கையாளப்பட்டது.

மர்மப்படம் எடுப்போர்க்கு இவ்வூர் வழங்கும் கருவிகள் ராஜாக்காட்டினும் குறைந்தவை அல்ல. யார் எந்த ஜீப்பில் ஏறினார் என்பது ஓட்டுநருக்குத் தெரியும். அன்று எவர் காய் பறிக்க வந்தார் என்பது தோட்டத்துப் பதிவேட்டில் இருக்கும். உலர்த்தும் கொட்டகையில் இரவெல்லாம் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்பவர் விழித்திருப்பார். ஒரு மெட்டைக் கடந்தால் மாநிலம் மாறும், காவல்துறை மாறும், கோப்பின் மொழியும் மாறும்.

எல்லையில் பதற்றம் எழும்போது இவ்வேறுபாடுகள் எத்தகைய உயிர்ப்பிரச்சினை ஆகின்றன என்பதை 2011 டிசம்பர் காட்டியது. முல்லைப்பெரியாறு அணைச் சிக்கல் முற்றிய அந்நாட்களில், தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அச்சுறுத்தலுக்கு ஆளாகிக் காட்டுப்பாதைகள் வழியே தேனி மாவட்டத்திற்கு இறங்கினர். இப்பக்கத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. தலைமுறைகளாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள் ஓரிரவில் அயலாராயினர். 2015 செப்டம்பரில், 'பாபநாசம்' வெளியாகி இரு மாதங்கள் கழித்து, மூணாறின் தமிழ்த் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டுப் 'பெண்கள் ஒற்றுமை' என்று தாமே அணிதிரண்டு சாலையில் அமர்ந்தபோதுதான், கேரளத்தின் பெரும்பான்மைச் சமூகம் அவர்கள் பேச்சைக் கூர்ந்து கேட்டது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் 70 பேர் புதையுண்டபோது மீண்டும் ஒருமுறை கேட்டது.

தமிழ்த் திரை இம்மலையை முற்றிலும் அறியாதது என்று கூற இயலாது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) ஏலமூட்டை சுமக்கும் ரங்கசாமியின் நிலக்கனவை அதே எல்லைப் பாதைகளில் பின்தொடர்கிறது. அதிலும் கொலை உண்டு, சிறை உண்டு. ஆனால் யார் செய்தார், எவர் கண்டார் என்பதில் அப்படத்திற்கு ஆர்வமில்லை. நிலம் எவ்வாறு கைநழுவியது என்பதிலேயே அதன் கண் இருக்கிறது. தொழிலாளியைத் துன்புறுவோனாகக் காட்டத் தமிழ்ப்படம் கற்றுக்கொண்டுவிட்டது. ஜார்ஜுகுட்டியைப் போல ஊரையே தன் அறிவால் ஆட்டிவைக்கும் ஒருவனாக, அல்லது ஒருத்தியாக, அவர்களைக் காட்டும் துணிவு இன்னும் வரவில்லை. மர்மப்படத்தின் நாயகனுக்கு வேண்டிய முதன்மையான தகுதி அறிவு. அத்தகுதியை ஏலக்காட்டுக் கூலிக்கு அளிப்பதில் ஒரு தயக்கம் இருப்பதாகவே கொள்ள வேண்டியுள்ளது.

அவ்வாறு ஒரு படம் எடுக்கப்படுமாயின் அதன் மையச் சிக்கல் ஏற்கெனவே அங்கு உள்ளது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. ஆனால் காவல் நிலையத்தில் நின்று வாய்மொழியாகச் சொல்வது கடிதம் அன்று. தமிழில் சொல்லப்படுவது மலையாளத்தில் எழுதப்படும். எழுதியது திரும்பவும் தமிழில் படித்துக் காட்டப்படும், அல்லது படாது. 'அன்றைக்கு' என்று சொன்னவரின் நாள் எந்த நாளாகக் கோப்பில் ஏறும் என்பது எழுதுபவரின் கையில் இருக்கிறது. ஜார்ஜுகுட்டி நாளை மாற்றுவதற்குத் தொடுபுழை வரை இருமுறை செல்ல வேண்டியிருந்தது. தேவிகுளம், பீர்மேடு நீதிமன்றங்களில் 1956க்குப் பின் தமிழர் அளித்த வாக்குமூலங்களை, எழுதப்பட்ட மொழியையும் சொல்லப்பட்ட மொழியையும் ஒப்பிட்டு ஆராயும் பணி தமிழாய்வாளர்க்கு உரியதாகக் காத்திருக்கிறது.